அன்புக்கும் பயிற்சி வேண்டும்

சரயு நதிக்கரையில் இருளில் எய்த அம்பு ஒன்று ஓர் இளைஞனின் உயிர்நிலையில் தைத்த கதையை அறியாதவர் இல்லை. பார்வையற்ற பெற்றோரைக் காவடியில் வைத்துச் சுமந்த சிரவணகுமாரன் என்று மக்கள் வழக்கு அவனைப் போற்றுகிறது. வால்மீகி முனிவரோ அவனுக்குப் பெயர் கூடச் சூட்டவில்லை. பெற்றோரின் தாகம் தீர்க்கத் தண்ணீர் எடுக்க வந்த ஒரு முனிகுமாரன் என்ற அளவிலேயே அவனை நமக்கு அறிமுகம் செய்கிறார்.

தசரதன் தண்ணீர்க் குடத்துடன் ஆசிரமத்தை அடைகிறான். காலடி ஓசையைக் கேட்ட தந்தை, மகன்தான் வந்துவிட்டான் என்று எண்ணி, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கிறார். உண்மை தெரிந்தபின் அவர் புலம்பும் புலம்பலில் புத்திர சோகத்தோடு வேறொரு கலக்கமும் சேர்ந்திருக்கிறது. இனிக் கிழங்கும் கனியும் கொண்டுவந்து ஊட்டுபவர் யார்? பார்வையற்ற இந்த முதியவளைப் பார்வையற்ற நான் எவ்வாறு காப்பேன்? இதுவே அந்தக் கலக்கம்.

மகனின் பக்தியை விளக்கவே இக்கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது பொருத்தமே. ஆயினும் அதனுள் மற்றொரு பாடமும் அடங்கியிருக்கிறது. இரண்டு உயிர்களின் பசியும் தாகமும் ஒரே ஒருவனின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தோள் சாய்ந்தபோது அனைத்தும் சாய்ந்தது. அவனுடைய அன்பில் குறை ஏதும் இல்லை. அந்த அன்பின் வேலையை அறிந்த இரண்டாவது மனிதர்தாம் அங்கே இல்லாமல் போனார்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாரதத்தில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் வாழ்வதாகக் கூறியது. இவர்களுள் பலர் அன்றாட வாழ்வுக்குப் பிறர் உதவியை நாடியிருப்பவர்கள். அந்த உதவி மருத்துவமனையிலோ விடுதியிலோ கிடைப்பதைவிட வீட்டிலேயே, பெரும்பாலும் ஒரு தாயிடமிருந்து, ஒரு மனைவியிடமிருந்து, ஒரு சகோதரியிடமிருந்து கிடைக்கிறது. காவடி இன்றும் சுமக்கப்படுகிறது. சுமப்பவருக்குச் சுமக்கும் முறையைக் கற்பித்தவர் யார், தோள் மாற்றிக்கொள்ள வீட்டில் இன்னொருவர் உண்டா என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

ஒரு தாய் கற்ற கல்வி

மும்பையில் இக்கேள்விகளை முதன்முதலில் உரக்க எழுப்பியவர்களுள் மிது ஆலூர் குறிப்பிடத்தக்கவர். அவருடைய மகள் மாலினி சிப் 1966-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் பிறந்தார். அவருக்குப் பெருமூளை வாதம் இருப்பது தெரிந்தபோது, இதற்குச் செய்யத்தக்கது ஏதுமில்லை என்பதே இங்கே கிடைத்த பதிலாக இருந்தது. தாய் அப்பதிலோடு நின்றுவிடவில்லை. குழந்தையுடன் இங்கிலாந்து சென்றார். அங்கே மகள் பள்ளியில் கற்றாள். தாயோ அத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் கல்வியைத் தாமே கற்றார். 1972-ஆம் ஆண்டில் பம்பாய்க்குத் திரும்பி, கொலாபாவில் ஒரு சிறப்புப் பள்ளியுடன் ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் ‘அடாப்ட்’ என்று பெயர் மாறிய அந்த அமைப்பின் பணி தாராவிக்கும் செம்பூருக்கும் பரவியது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் தாய் எடுத்து வைத்த முதல் அடி. மகளிடம் அவருக்கு இருந்த அன்பு முதல் நாளிலிருந்தே நிறைவாக இருந்தது. ஆனால் அன்பு மட்டும் வழி காட்டவில்லை. கற்றபின்னரே வழி புலப்பட்டது. அன்பு கேள்வியை எழுப்பிற்று. கல்வி விடையைத் தந்தது. மாலினி பின்னர் பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் பட்டம் பெற்று, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்களையும் பெற்றார். தம் கையின் ஒரே ஒரு சிறுவிரலால் தட்டெழுதித் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்ற அந்நூல் 2010-இல் வெளிவந்தது.

சென்னையில் பூனம் நடராஜனும் இவ்வாறே ஒரு தாயாக இருந்து ஆசிரியையானவர். பெருமூளை வாதம் கொண்ட மகனின் தாயான அவர் 1985-இல் தொடங்கிய நிறுவனம் 1998 முதல் ‘வித்யா சாகர்’ என்ற பெயரில் இயங்கி வருகிறது. பெற்றோரை வெளியே காத்திருக்க வைக்காமல், அவர்களையும் உள்ளே அழைத்துக் கற்பிப்பது இத்தகைய நிறுவனங்களின் வழக்கம். குழந்தை பயிற்சியாளரிடம் இருப்பது வாரத்தில் சில மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில்தானே? வீடு கற்காவிட்டால் பள்ளி கற்பித்தது நிலைக்காது.

உலக அளவிலும் இந்த உண்மை மெல்லவே உணரப்பட்டது. 1978-ஆம் ஆண்டின் அல்மா அட்டா மாநாட்டிற்குப் பிறகு, உலக சுகாதார நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வை மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே கொண்டுவர முற்பட்டது. அதற்காக உருவான பயிற்சிக் கையேடு 1989-இல் நூலாக வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த இயன்முறை சிகிச்சையாளர் பத்மனி மெண்டிஸ். வீட்டிலுள்ள ஒருவரே பயிற்சியாளர் ஆக முடியும் என்பதே அக்கையேட்டின் அடித்தளம். எளிய சொற்களும் படங்களும் இருந்தால், பெரிய படிப்பில்லாதவரும் இதைக் கற்கலாம் என்ற நம்பிக்கையில் அது எழுதப்பட்டது.

தாராவி: அன்பு உண்டு, வழி தெரியவில்லை

மும்பையின் மூன்று பகுதிகளில் மூன்று இல்லங்களை மனக்கண்ணால் காணலாம். இவை எந்த ஒரு குடும்பத்தின் வரலாறும் அல்ல. பல குடும்பங்களில் பரவலாகக் காணப்படும் நிலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழர்கள் வந்து குடியேறிய இடம் தாராவி. அங்கே பத்தடிக்குப் பத்தடி அறை. மேல்தளத்திற்கு ஏற ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. இருவர் எதிரெதிரே நடக்க இயலாத சந்து. அந்த அறையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பாயில் மல்லாந்து படுத்திருக்கிறான். பெருமூளை வாதத்தால் அவனுடைய கைகால்கள் விறைத்திருக்கின்றன. குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடங்களை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில் தாய் அவனைப் படுத்த நிலையிலேயே மடியில் சாய்த்து, தலையைப் பின்னே தள்ளி, குழைத்த சோற்றை ஊட்டுகிறாள். அவன் இருமுகிறான். அடிக்கடி சளி, காய்ச்சல். ‘பிள்ளைக்கு உடம்பு தாங்கவில்லை’ என்று அவள் வருந்துகிறாள்.

இந்தத் தாயின் அன்பை யார் குறை கூற முடியும்? அவள் உண்ணாமல் அவனுக்கு ஊட்டுகிறாள். ஆனால் தலை பின்னே சாய்ந்திருக்கும்போது உணவு உணவுக்குழாயில் செல்லாமல் மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். அந்த உணவே நுரையீரலில் தங்கி நோயாகிறது. உயிரைக் காக்க ஊட்டிய சோறு உயிருக்கு ஆபத்தாக முடிகிறது.

பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே வந்து அமர்ந்தால் அவள் கற்பது மிகச் சில செய்திகளே. பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஊட்டுபவர் அவனுக்கு எதிரே, அவன் கண்மட்டத்தில் அமர வேண்டும். சிறு சிறு கவளமாகக் கொடுத்து, விழுங்கிவிட்டான் என்று கண்டபின்னரே அடுத்த கவளம். நீர்த்த கஞ்சியைவிடக் கெட்டியான கூழ் சில குழந்தைகளுக்கு எளிதாக இறங்கும். எது பொருந்தும் என்பதைச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்க வைக்கலாகாது.

நிமிர்த்தி உட்கார வைக்க விலையுயர்ந்த நாற்காலி எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்கலாம். அறையின் இரு சுவர்கள் கூடும் மூலையே அவளுக்குக் கிடைத்த முதல் நாற்காலி. மூலையில் அமர்த்தி, இருபுறமும் சுருட்டிய பழம்புடவைகளை அணைத்து வைத்தால் உடல் சாயாது. பிறகு பலகையாலோ கெட்டி அட்டையாலோ ஒரு மூலை இருக்கையை அவ்வூர்த் தச்சரே செய்து கொடுக்கலாம். சுவர் ஓரத்தில் அமர்ந்த அந்தச் சிறுவன் முதன்முறையாக வாசலில் போகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறான். படுத்திருந்தவரை அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தகரக் கூரை ஒன்றே.

இத்தகைய குழந்தைகளுள் பலருக்கு வலிப்பும் வரும். அவ்வேளையில் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் தமிழகத்திலிருந்து மும்பை வரை உடன் வந்திருக்கிறது. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. தானே அடங்கும் வலிப்பு சாவியால் அடங்கியதாகத் தோன்றுகிறது. செய்ய வேண்டியவை வேறு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்ற வேண்டும். வாயில் எதையும் நுழைக்கலாகாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இச்செய்தியை அறிந்த அண்டை வீட்டார் நால்வர் இருந்தால் அந்தச் சந்தில் ஓர் உயிருக்கு நான்கு காவலர்கள் கிடைக்கிறார்கள்.

பூஜைக்கு விதி உண்டு, சேவைக்கு இல்லையா?

ஆலயத்தில் இறைவனைத் துயிலெழுப்புவது, நீராட்டுவது, ஆடை அணிவிப்பது, அமுது படைப்பது என்று ஒவ்வொரு உபசாரத்திற்கும் ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அர்ச்சகர் அதைக் குருவிடம் அமர்ந்து பல்லாண்டு கற்கிறார். ‘எனக்குப் பக்தி இருக்கிறது, விதி எதற்கு?’ என்று அவர் சொல்வதில்லை. பக்தியே அவரைக் கற்கத் தூண்டுகிறது. கீதையும் செயலில் காட்டும் திறத்தை யோகத்தோடு இணைத்தே பேசுகிறது. அரைகுறையாகச் செய்த செயலை நல்லெண்ணம் என்ற திரையால் மூடிவிட அது இடம் தரவில்லை.

துயிலெழுப்புதல், நீராட்டுதல், உடுத்துதல், உணவூட்டுதல் என்ற அதே உபசாரங்கள்தாம் படுக்கையிலுள்ள ஒருவருக்கும் நாள்தோறும் நடைபெறுகின்றன. ஜீவனில் சிவனைக் காண விழையும் சாதகனுக்கு இதைவிட நெருங்கிய சந்நிதி வேறில்லை. அப்படியானால் இங்கும் விதி கற்க வேண்டாமா? அசையாமல் படுத்திருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது ஒரு விதி. குதிகால், இடுப்பு, முதுகின் அடித்தண்டு ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பது ஒரு விதி. சிவப்பு மறையாமல் நின்றால் அதுவே படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி. தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குவது ஒரு விதி. இது தூக்கப்படுபவரின் தோள்மூட்டையும் காக்கும். தூக்குபவரின் முதுகையும் காக்கும். விறைத்த கால்களை வலிந்து நீட்டாமல், மெல்ல நீட்டிச் சற்று நேரம் பிடித்திருப்பது ஒரு விதி.

ஆயினும் இரு வழிபாடுகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விக்கிரகத்தில் எழுந்தருளியிருக்கும் இறைவன் பக்தன் படைத்ததை ஏற்கிறான். இது வேண்டாம் என்று வாய்திறந்து சொல்வதில்லை. வீட்டில் இருப்பவரோ விருப்பும் வெறுப்பும், வெட்கமும் கோபமும் உடைய ஒரு மனிதர். அவரைக் கேட்காமல் செய்யும் சேவை, எத்தனை பக்தியோடு செய்யப்பட்டாலும், குறையுடையதே. எந்தச் சட்டை வேண்டும், இட்லியா தோசையா, இப்போது குளிக்கலாமா, கதவைச் சாத்தட்டுமா என்று கேட்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. பேச இயலாதவரிடமும் கேட்கலாம். இரண்டு பொருள்களைக் காட்டினால் அவர் கண்கள் ஒன்றின் மீது நிற்கும். படங்கள் ஒட்டிய ஓர் அட்டை ஒருவருக்கு நாவாகலாம். ஒரு சிறுவிரல் முழு நூலையே எழுதியது என்பதை மறத்தலாகாது.

தாமே செய்துகொள்ள இயன்றதையும் பிறர் செய்துவிடுவது அன்பின் வேடத்தில் வரும் மற்றொரு தவறு. கரண்டியைப் பிடிக்க ஒருவர் பத்து நிமிடம் முயல்கிறார் என்றால், அந்தப் பத்து நிமிடம் காத்திருக்கும் பொறுமை நூறு கவளம் ஊட்டுவதைவிட உயர்ந்த சேவை. கரண்டியின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தால் அவர் கை அதைப் பற்றும். வீட்டார் செய்ய வேண்டியது அவ்வளவே.

மாதுங்கா: சாத்தப்பட்ட கதவு

இரண்டாவது இல்லம் மாதுங்காவில். கோயில் மணியோசை கேட்கும் தெரு, வாசலில் கோலம், உள்ளே படித்த குடும்பம். பயிற்சிக்குச் செலவிடப் பணம் உண்டு. மருத்துவரிடம் செல்ல வண்டியும் உண்டு. ஆனால் அறிவுசார் குறைபாடு உடைய மகள் உள்ளறையில் இருக்கிறாள். விருந்தினர் வந்தால் அந்த அறைக் கதவு சாத்தப்படுகிறது. மூத்தவளின் திருமணம் முடியட்டும் என்பது காரணம். வீட்டுக்கு வந்து கற்பிக்க ஒரு பயிற்சியாளரை அழைத்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் அதனினும் பெரிது.

இக்கதவின் தாழ்ப்பாளாக இருப்பது பெரும்பாலும் வினைப்பயன் பற்றிய ஒரு தவறான எண்ணமே. ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். அச்சொல் அந்தத் தாயின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகிறது. கர்மக் கொள்கையைச் சாத்திரங்கள் உபதேசித்தது ஒருவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பதற்காக. பிறர் துன்பத்தின்மீது தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை அது யாருக்கும் வழங்கவில்லை. துன்பத்தைக் கண்டவன் கேட்கத்தக்க கர்மக் கேள்வி ஒன்றே: இப்போது, இங்கே, என் கர்மம் யாது? அதாவது நான் செய்ய வேண்டிய கடமை யாது? அயலவரின் முற்பிறவியை ஆராய்பவன், தன் இப்பிறவியின் கடமையிலிருந்து தப்ப வழி தேடுகிறான்.

மருத்துவ அறிவும் அந்தத் தாயின் முள்ளை அகற்ற உதவும். பெருமூளை வாதம் என்பது கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பினால் வருவது. அறிவுசார் குறைபாட்டுக்கும் மரபணு, நோய்த்தொற்று, பிறப்பின்போது நேரும் சிக்கல் எனப் பல காரணங்கள் உண்டு. கர்ப்பிணி கிரகணம் பார்த்ததால் வந்ததும் அன்று; அவள் செய்த தவற்றின் தண்டனையும் அன்று. இதைக் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரு பயிற்சியாளரிடம் கேட்டறிவதே பயிற்சியின் முதற்பாடமாக அமைய வேண்டும். பழி நீங்கிய வீட்டில்தான் கைகள் வேலை கற்கும்.

மும்பைக்கு இதில் ஒரு பழைய முன்மாதிரியும் உண்டு. 1944-ஆம் ஆண்டில் ஜெய் வக்கீல், ஹோர்முஸ்ஜி வக்கீல் என்ற பார்சித் தம்பதியர், டவுன் சிண்ட்ரோம் உடைய தங்கள் மகள் டீனாவுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினர். மகளை மறைத்து வைக்கும் வழி அவர்களுக்கும் திறந்தே இருந்தது. அவர்கள் கதவைத் திறந்தனர். பிற குழந்தைகளும் அதன் வழியே உள்ளே வந்தனர். அது வளர்ந்து சிவ்ரி பகுதியில் ஜெய் வக்கீல் பள்ளியாக நிற்கிறது.

செம்பூர்: எங்களுக்குப் பிறகு யார்?

மூன்றாவது இல்லம் செம்பூரில். தந்தைக்கு எழுபத்தைந்து வயது; தாய்க்கு எழுபது. மகனுக்கு நாற்பது. அவனைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, மருந்து கொடுப்பது அனைத்தும் இவ்விருவர் கையாலேயே நாற்பது ஆண்டுகளாக நடக்கின்றன. வேறு ஒருவர் கையால் அவன் உண்ண மாட்டான் என்று தாய் பெருமையோடு சொல்கிறாள். இரவில் அந்தப் பெருமையே அச்சமாக மாறுகிறது. ‘அவனுக்கு முன்னால் நான் போய்விடக் கூடாது, பகவானே’ என்று அவள் வேண்டிக்கொள்கிறாள். எந்தத் தாயும் கேட்கத் துணியாத வேண்டுதல் அது.

சிரவணகுமாரனின் கதை இங்கே தலைகீழாக நிகழ்கிறது. அங்கே மகன் சாய்ந்தான், பெற்றோர் தவித்தனர். இங்கே பெற்றோர் சாய்ந்தால் மகன் தவிப்பான். இரண்டிலும் காரணம் ஒன்றே. கற்ற கைகள் போதவில்லை.

இதற்கு மருந்து, பயிற்சியை ஒருவரோடு நிறுத்தாமல் பலருக்கும் பகிர்தல். வீட்டிலுள்ள ஆண்களும் அதைக் கற்க வேண்டும். ‘அம்மா பார்த்துக்கொள்வாள்’ என்பது பல வீடுகளில் மரபாகிவிட்டது. தந்தை வாரத்தில் இரு நாள் குளிப்பாட்டட்டும். அண்ணன் மருந்தின் பெயரையும் அளவையும் அறிந்திருக்கட்டும். அத்தை ஊட்டும் முறையைப் பழகட்டும். பக்கத்து வீட்டு இளைஞன் மாலையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்குச் செல்லட்டும். மகனின் அன்றாட வழக்கங்களை, அவன் எதற்கு அஞ்சுவான், எதில் மகிழ்வான், எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாய் எழுதி வைக்கட்டும். நாற்பது ஆண்டு ஞானம் ஒரு மனத்துக்குள் மட்டும் இருந்து மறைந்துபோகலாகாது. குரு தம் வித்தையைச் சீடனுக்குத் தராமல் மறைந்தால் அது வித்தைக்குச் செய்த தீங்கு என்பார்கள். தாயின் வித்தைக்கும் அது பொருந்தும்.

வேறு கையால் உண்ணப் பழகுவது அந்த மகனுக்கும் ஒரு பயிற்சியே. முதலில் தாய் அருகிருக்க அத்தை ஊட்டலாம். பின்னர் தாய் அடுத்த அறையில் இருக்கலாம். சில மாதங்களில் தாய் இரண்டு நாள் வெளியூர் சென்று திரும்பலாம். அந்த இரண்டு நாள் ஓய்வு அவளுக்கும் உரிமையுடையது. களைத்த உடலும் வெறுத்த மனமும் சேவையைக் கோபமாக மாற்றிவிடும். தன்னை முற்றிலும் எரித்துக்கொள்வதைத் தவம் என்று எண்ணுதல் ஆகாது. அளவோடு உண்டு, அளவோடு உறங்குபவனுக்கே யோகம் கைகூடும் என்பது கீதை காட்டும் நெறி.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்காக இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிறைந்தபின், தேவைப்படுமிடத்து ஒரு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் விண்ணப்பிக்க அதில் வழியுண்டு. அச்சட்டத்தின்கீழ் அமைந்த அறக்கட்டளை ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீட்டையும், பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிக்க ‘சஹயோகி’ என்ற திட்டத்தையும் வகுத்தது. சென்னையில் வித்யா சாகரைத் தொடங்கிய பூனம் நடராஜன் 2005 முதல் பல ஆண்டுகள் அந்த அறக்கட்டளையின் தலைவராகப் பணியாற்றினார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. இவற்றை அறிந்து, காலத்தில் விண்ணப்பித்து, தாள்களை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பதும் குடும்பம் கற்க வேண்டிய பயிற்சியில் அடங்கும்.

பெறுபவரும் தருபவர் ஆவார்

தாராவித் தமிழர் பலரின் பூர்வீகமான பழைய திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், ஆய்க்குடி என்றோர் ஊர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வில் பங்கேற்றபோது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தார். அதன்பின் உண்பதற்கும் உடுப்பதற்கும் பிறர் கைகளே அவருக்குக் கைகளாயின. ஊர் திரும்பிய அவர், தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவரான அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் ‘அமர் சேவா சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடைய சங்கரராமன் அவரோடு தோள்கொடுத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்த இருவர் வளர்த்த அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் குழந்தைகளின் வீடு தேடிச் சென்று தாய்மாருக்குப் பயிற்சி அளிக்கின்றனர். 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பிறர் உதவியின்றிப் புரண்டு படுக்க இயலாத ஒருவர் ஆயிரக்கணக்கான இல்லங்களுக்கு உதவியை அனுப்பிவைத்தார் என்பதில் வேதாந்தத்தின் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. ஆன்மாவுக்கு ஊனம் இல்லை என்று சொல்வது எளிது. அதை நம்புகிறவன், எதிரே படுத்திருப்பவரிடம் கொடுப்பதற்கும் ஏதோ உண்டு என்று நம்ப வேண்டும். அவருக்குச் செய்யப்படும் சேவை, அவர் உள்ளே இருப்பதை வெளிக்கொணரும் வாயிலாக அமைய வேண்டும். எல்லோரும் நிறுவனம் தொடங்க மாட்டார்கள். நூல் எழுத மாட்டார்கள். ஒரு மகன் மாலையில் தந்தை வீடு திரும்பும் ஓசை கேட்டுச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு அவ்வீட்டுக்கு அவன் அளிக்கும் கொடை. அதைக் கண்டு பெற்றுக்கொள்ளத் தெரிவதும் பயிற்சியே.

ஆகவே இல்லறத்தார் தம் வீட்டிலோ, உறவிலோ, தெருவிலோ இத்தகைய ஒருவர் இருப்பின் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, அருகிலுள்ள மருத்துவமனை அல்லது மறுவாழ்வு மையத்தில், பராமரிப்பவருக்கு வீட்டு முறைகளைக் கற்பிக்கும்படி வேண்டுதல். மும்பையில் சயான் மருத்துவமனையும், ஹாஜி அலியில் 1955-இல் அமைந்த அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையமும் அரசு சார்ந்தவை. சிகிச்சை கேட்பது போலவே பயிற்சியையும் கேட்கலாம். இரண்டாவது, அப்பயிற்சிக்குத் தாயை மட்டும் அனுப்பாமல் உடன் இன்னொருவரும் செல்லுதல். மூன்றாவது, அத்தகைய வீட்டுக்குச் செல்லும் நண்பர்கள் அனுதாபச் சொல்லை வாசலில் விட்டுவிட்டு, ‘இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுங்கள்’ என்று கேட்டல்.

பஜனை மண்டலிகளும் சத்சங்கங்களும் மாதத்தில் ஒரு கூட்டத்தை இதற்கென ஒதுக்கலாம். ஒரு பயிற்சியாளரை அழைத்து, பாயில் ஒருவரைப் படுக்க வைத்து, பக்கம் மாற்றும் முறையையும் தூக்கும் முறையையும் அனைவரும் கைப்படப் பழகலாம். மந்திரத்தைப் பிழையின்றி உச்சரிக்கப் பழகும் நாவைப் போல, ஒரு மனிதரைப் பிழையின்றித் தூக்கப் பழகும் கைகளும் புனிதமானவை.

சரயுவின் கரையில் அந்த முனிகுமாரன் உயிர் துறக்கும்போதும் அவனுடைய கவலை தன் வலியைப் பற்றியதாக இல்லை. தாகத்தோடு காத்திருக்கும் இருவரைப் பற்றியே அவன் பேசினான். இன்று தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும், பாரதத்தின் எண்ணற்ற இல்லங்களிலும், தாய்மாரின் நெஞ்சில் அதே கவலை இருக்கிறது. குடத்தை ஏந்த மற்றொரு கை முன்வரட்டும். அந்தக் கை ஏந்தும் முறையைக் கற்றுக்கொண்டு வரட்டும்.